மூன்றடி தூரத்தில் இருந்த ஈசிஜி மெஷின்

கோத்தகிரிப் பக்கம் இருக்கிறவர்கள், ராத்திரியில் வீட்டில் யாருக்காவது முடியாமல் போனால் எங்கே ஓடுவது என்று யோசிக்கிறவர்கள் படிக்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். போன வருடம் ஜூன் மாதம் ஒரே ராத்திரியில் மூன்று எமர்ஜென்சியையும் ஒரு 108 வண்டியையும் பார்த்தேன். மலைமேல் ஒரு தனியார் ஆஸ்பத்திரி, மலைமேலேயே ஒரு அரசு ஆஸ்பத்திரி, கீழே கோயம்புத்தூரில் ஒரு பெரிய அரசு ஆஸ்பத்திரி. பெயர்களைப் போடவில்லை. அந்த ராத்திரி அங்கே டூட்டியில் இருந்தவர்களைப் பற்றித்தான் எழுதுகிறேன். பெயர் போட்டால் அன்றைக்கு வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவர்களுக்கும் சேர்த்துப் போய்விடும்.

எனக்குச் சொந்தமாக ஒரு பிக்கப் இருக்கிறது. தோட்டங்களிலிருந்து கேரட் லோடு ஏற்றி மேட்டுப்பாளையம் மண்டியில் இறக்குவேன். நடுராத்திரியில் விளக்கைக் கட்டிவைத்துக் கேரட் பிடுங்குவார்கள், கழுவி மூட்டை கட்டி விடிவதற்குள் கீழே சேர்க்க வேண்டும். அதனால் கோத்தகிரி மலைப்பாதை எனக்கு ராத்திரியில்தான் பழக்கம். என் அம்மாவுக்கு 62 வயது. இலங்கையிலிருந்து 1975-ல் கப்பலேறி வந்த குடும்பம். 12 வயதுப் பிள்ளையாக மண்டபம் முகாமில் இறங்கி, அங்கிருந்து நீலகிரிக்கு வந்து, பிறகு டான்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டத்தில் 30 வருடத்துக்கு மேல் கொழுந்து எடுத்தவர். வலி என்று வாயால் சொல்ல மாட்டார். அட்டை கடித்து ரத்தம் வழிந்தாலும் கூடையை நிரப்பிவிட்டுத்தான் குனிந்து பார்ப்பார். சர்க்கரை வியாதி எட்டு வருடமாக இருக்கிறது.

அன்றைக்கு ராத்திரி ஒன்பதரை மணிக்குக் கஞ்சியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். "மேல் வயித்துல கல்லைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி இருக்குப்பா" என்றார். தாடையும் இழுக்கிறது என்றார். சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்தோம். பத்து மணிக்கு மேல் நெற்றியைத் தொட்டேன், நனைந்திருந்தது. வெளியே மழைச்சாரலும் குளிரும், அவர் ஸ்வெட்டரும் போட்டு மேலே கம்பளியும் போர்த்தியிருக்கிறார், ஆனால் வேர்க்கிறது. பிக்கப்பில் முன் சீட்டில் உட்காரவைத்து நேராக அந்தத் தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். பக்கத்தில் இருந்தது, போர்டில் 24 மணி நேரமும் என்று எழுதியிருந்தது, அவ்வளவுதான் காரணம்.

10:40-க்கு உள்ளே போனோம். வீல்சேர் கேட்டேன். பூட்டி வைத்திருக்கிறது, சாவி மாடியில் இருக்கிறது என்றார்கள். அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தே போனார். கவுண்டரில் இருந்த பையன் தலையை நிமிர்த்தாமல் பெயர், வயது, ஊர் கேட்டான். அப்புறம் 2,000 ரூபாய் அட்வான்ஸ். பாக்கெட்டில் 1,100 இருந்தது, மீதியைப் போனில் அனுப்ப முயன்றேன், சிக்னல் இல்லை. வாசலுக்கு வெளியே மழையில் நின்று அனுப்பிவிட்டு உள்ளே வந்தபோது அம்மா இன்னும் மரபெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார். எமர்ஜென்சி ரூம் கதவு திறந்திருக்கிறது, உள்ளே கட்டில் காலி.

கட்டிலில் படுக்கவைத்த பிறகு ஒரு சிஸ்டர் வந்தார். பிரஷர் பார்த்தார். "நைட்டு என்னா பாட்டி சாப்ட்டீங்க?" என்றார். கஞ்சி என்றார் அம்மா. சிஸ்டர் போனில் டூட்டி டாக்டரிடம் பேசினார். டாக்டர் எங்கே இருந்தார் என்று கடைசி வரை எனக்குத் தெரியவில்லை, குரல் மட்டும் ஸ்பீக்கரில் கேட்டது. "எஸ்டேட் ஆளா? வெத்தலை போடுறவங்களா? கேஸ் டிரபிள்தான், ஊசி போட்டு அரை மணி நேரம் பாருங்க." அம்மாவுக்கு அது காதில் விழுந்தது. இடுப்பில் இருந்த வெத்தலைச் சுருக்குப்பையை முந்தானைக்குள் தள்ளி மறைத்துக்கொண்டார். அந்தக் கையசைவு மட்டும் இப்போதும் அப்படியே என் கண்ணில் நிற்கிறது.

வாயுவுக்கு ஊசி போட்டார்கள். சிஸ்டர் மாடிக்குப் போய்விட்டார். கதவு திறந்தே கிடந்தது, வராந்தாவில் போகிற வருகிறவர்கள் எட்டிப் பார்த்துக்கொண்டு போனார்கள், சேலை விலகிக் கிடந்ததை நான்தான் சரிசெய்தேன். நான் ஆண்பிள்ளை, என் கைபட்டதில் அம்மாவுக்கு எவ்வளவு கூச்சம் என்று முகத்தில் தெரிந்தது. ஒன்றுக்குப் போக வேண்டும் என்றார். யாரைக் கேட்பது? இரண்டு தடவை மாடிப்படி வரை போய்க் கூப்பிட்டேன். "வர்றேன் இருங்க" என்று மேலிருந்து சத்தம் மட்டும் வந்தது. அம்மா அடக்கிக்கொண்டே கிடந்தார்.

கட்டிலுக்குப் பக்கத்தில், என் காலால் அளந்தால் மூன்றடி இருக்கும், ஒரு தள்ளுவண்டி மேல் பூப்போட்ட துணி போர்த்திய ஏதோ ஒன்று இருந்தது. டிவிப் பெட்டி மாதிரி என்று நினைத்தேன். அது இதயத் துடிப்பைக் காகிதத்தில் பதிவு செய்கிற ஈசிஜி மெஷின் என்று எனக்கு அப்போது தெரியாது. துணியின் ஓரத்தில் கலர் கலராக வயர் தொங்கியதை மறுநாள் கோயம்புத்தூரில் அதே மாதிரி வயரைப் பார்த்தபோதுதான் புரிந்துகொண்டேன். நெஞ்சிலோ மேல்வயிற்றிலோ இப்படி வலியோடு வருகிற ஒருவருக்கு 10 நிமிடத்துக்குள் ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட வேண்டும் என்பது உலகம் முழுக்க டாக்டர்கள் வைத்திருக்கிற கணக்கு. பெண்களுக்கும், சர்க்கரை உள்ளவர்களுக்கும், வயதானவர்களுக்கும் மாரடைப்பு வந்தால் சில நேரம் நெஞ்சே வலிக்காது. தாடை வலிக்கும், வயிறு கனக்கும், வேர்க்கும், வாந்தி வரும். என் அம்மா இந்த மூன்றிலும் சேர்ந்தவர். முக்கால் மணி நேரம்போல அந்த மெஷினுக்குப் பக்கத்தில் படுத்துக் கிடந்தார்.

11:35-க்கு அம்மா "இங்க வேணாம்பா" என்றார். அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை. பிக்கப்பில் மறுபடி உட்காரவைக்கப் பயம், தலை சாய்ந்து சாய்ந்து போகிறது. 108-க்கு அடித்தேன். வெளியே போகிறோம் என்றதும் கவுண்டரில் பில் உடனே ரெடியாகிவிட்டது, அதற்கு மட்டும் தாமதமே இல்லை. சீட்டில் வாயுத் தொந்தரவு என்று எழுதி, நாங்களாகவே போகிறோம் என்று என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள்.

இந்த மலையில் 108 என்றால் என்ன என்று என் வயதுக்காரர்களுக்குத்தான் தெரியும். தமிழ்நாட்டில் அந்த வண்டி ஓடத் தொடங்கியது 2008 செப்டம்பரில். என் அப்பா 2004-ல் இறந்தார். லயம் என்கிற தோட்டத்து வரிசை வீட்டிலிருந்து கம்பளியில் தொட்டில் கட்டி நாலு பேர் தூக்கி ரோட்டுக்குக் கொண்டுவந்து, கொழுந்து லாரியில் ஈரச் சாக்கின்மேல் படுக்கவைத்துக் கொண்டுபோனோம். பாதி வழியிலேயே போய்விட்டார். அதனால் சிவப்பும் நீலமுமாக விளக்கு சுற்றிக்கொண்டு அந்த வண்டி வளைவில் திரும்பியதைப் பார்த்ததும் எனக்குத் தொண்டை அடைத்தது.

வண்டியிலிருந்து இறங்கிய மெடிக்கல் டெக்னீசியனுக்கு 26, 27 வயதுதான் இருக்கும். முதலில் அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அம்மாவின் கையைப் பிடித்தார். தன் இரண்டு உள்ளங்கைக்குள்ளும் வைத்துப் பிடித்தார். "கை இப்படி ஜில்லுன்னு இருக்கே, எப்பலேர்ந்துமா வேர்க்குது?" என்று கேட்டார். அதுதான் அந்த ராத்திரி அம்மாவிடம் முகத்தைப் பார்த்து ஒருவர் கேட்ட முதல் கேள்வி. அம்மா தாடை வலியைச் சொன்னார், இடது கை மரத்துப்போவதைச் சொன்னார். கை மரத்தது எனக்கே அதுவரை தெரியாது. கேட்டதும் எல்லாம் வந்தது. டெக்னீசியன் பைலட்டைத் திரும்பிப் பார்த்தார் (108-ல் டிரைவரைப் பைலட் என்றுதான் சொல்வார்கள்), பைலட் ஒரு வார்த்தை பேசாமல் ஏறி உட்கார்ந்தார்.

பலர் இதை "நல்லாப் பேசினாங்க, அன்பா நடந்துக்கிட்டாங்க" என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். நான் சொல்ல வருவது அது இல்லை. கையைத் தொட்டதால்தான் அந்த வேர்வை குளிர்ந்த வேர்வை என்று தெரிந்தது. உட்கார்ந்து கேட்டதால்தான் இடது கை விஷயம் வெளியே வந்தது. முதல் ஆஸ்பத்திரியில் மரியாதை குறைந்தது ஒரு தப்பு, நோயைக் கண்டுபிடிக்காதது இன்னொரு தப்பு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. எஸ்டேட் ஆள், வெத்தலை போடுகிறவள் என்று நினைத்த அந்த நிமிடமே அங்கே நோயாளியைப் பார்ப்பது நின்றுவிட்டது. அதற்குப் பிறகு எந்த ஊசி போட்டாலும் ஒன்றுதான்.

வண்டியிலேயே ஆக்சிஜன் வைத்தார்கள். டெக்னீசியன் போனில் முன்கூட்டியே சொல்லிவிட்டதால் அரசு ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சரோடு ஒருவர் நின்றிருந்தார். 12:10-க்கு இறக்கினோம். ஈசிஜி காகிதத்தில் அச்சாகியிருந்த நேரம் 12:16. அந்தக் காகிதத்தின் நகல் என்னிடம் இருக்கிறது.

கட்டடத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சுவரில் ஈரம் ஊறிப் பெயின்ட் உரிந்திருக்கிறது. கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இல்லை. போர்வை தீர்ந்துவிட்டது என்றார்கள், எங்கள் கம்பளிதான். ஸ்ட்ரெச்சர் தள்ளியவர் கடைசியில் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார், 50 ரூபாய் கொடுத்தேன். இதெல்லாம் சரியில்லை, மாற வேண்டியவை. ஆனால் ஒரு பெண் டாக்டர் இருந்தார், தூக்கத்திலிருந்து எழுந்து வந்த முகம், தலைமுடியைக்கூட ஒழுங்காகக் கட்டவில்லை. ஈசிஜியைப் பார்த்ததும் அதைப் போனில் படமெடுத்துக் கோயம்புத்தூருக்கு அனுப்பினார். பதில் வருவதற்குள் ஒரு கை மாத்திரை கொடுத்துவிட்டார். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அடோர்வாஸ்டாட்டின் என்று ஒவ்வொன்றின் பெயரையும் எனக்குச் சொன்னார்.

இந்த மாத்திரைகள் விஷயத்தை எல்லோரும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். 2023-லிருந்து தமிழ்நாட்டில் இதயம் காப்போம் என்று ஒரு திட்டம் இருக்கிறது. மாரடைப்பு என்று தெரிந்தால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் முன் முதல் டோஸாகக் கொடுக்கிற இந்த மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை சுகாதார நிலையத்திலும்கூட வைத்திருக்கச் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு இது தெரியாது. எனக்கும் தெரியாது.

டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசவில்லை. அம்மா பக்கத்திலேயே நின்று, அம்மாவிடமே சொன்னார். "அம்மா, உங்களுக்கு ஹார்ட் அட்டாக். ரத்தக் குழாய்ல அடைப்பு. அதைக் கரைக்க ஒரு மருந்து ஏத்தப் போறேன். ஒரு மணி நேரம் ஆகும். ரத்தக் கசிவு வர வாய்ப்பு இருக்கு, ஆனா ஏத்தலைன்னா அதைவிட ஆபத்து. ஏத்தட்டுமா?" அம்மாவிடம் இதுவரை யாரும் இப்படி அனுமதி கேட்டிருக்க மாட்டார்கள். கங்காணி கேட்டதில்லை, ஆபீசர் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. அம்மா ஒரு நிமிடம் அந்தப் பொண்ணு முகத்தையே பார்த்தார். "ஏத்தும்மா" என்றார்.

ஸ்ட்ரெப்டோகைனேஸ், 15 லட்சம் யூனிட். சொட்டுச் சொட்டாக இறங்கி முடிய ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரமும் ஒரு சிஸ்டர் ஸ்டூல் போட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தார். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை பிரஷர். பெட்பேன் வைத்தபோது திரையை இழுத்துவிட்டு என்னை வெளியே போகச் சொன்னார். "நான் திரைக்கு இந்தப் பக்கம்தான்மா இருக்கேன், முடிஞ்சதும் ஒரு குரல் குடுங்க" என்று அம்மாவிடம் சொன்னது வெளியே எனக்குக் கேட்டது. சுருக்குப்பையை எடுத்து என்னிடம் கொடுத்தார். "பத்திரமா வச்சிருங்கண்ணே, அம்மா தேடுவாங்க" என்றார். வெத்தலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

1:40-க்கு அதே 108-ல் கீழே கிளம்பினோம். மேட்டுப்பாளையம் வரை 33 கிலோமீட்டர் மலைப்பாதை, பனிமூட்டத்தில் பத்தடிக்கு மேல் தெரியவில்லை. நான் ஓட்டியிருந்தால் வேகமாக ஓட்டியிருப்பேன், அம்மா உருண்டிருப்பார். அந்தப் பைலட் ஒவ்வொரு வளைவுக்கும் முன்னாலேயே வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் பிரேக்கைத் தொடாமல் எடுத்தார். மருந்து ஏறிய உடம்பு அதிரக் கூடாது என்று பின்னாலிருந்து டெக்னீசியன் சொல்லியிருந்தார். குஞ்சப்பனைக்குக் கிட்டே யானைகள். பலாப்பழ சீசனில் அங்கே வருவது வழக்கம்தான், ஒரு குட்டியும் கூட இருந்தது. பைலட் சைரனை நிறுத்தி, ஹெட்லைட்டைத் தாழ்த்திவிட்டு அசையாமல் நின்றார். இருபது நிமிடம். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான இருபது நிமிடம் கிடையாது. பின்னால் டெக்னீசியன் அம்மாவிடம் பேசிக்கொண்டே இருந்தார். யானை நிற்கிறது என்று மறைக்காமல் சொன்னார். எந்த டிவிஷனில் கொழுந்து எடுத்தீங்க, கூடைக்கு எத்தனை கிலோ என்று கேட்டார். அம்மாவும் மூச்சு வாங்கிக்கொண்டே பதில் சொன்னார். டெக்னீசியனின் கண் மட்டும் மானிட்டரை விட்டு நகரவில்லை.

கோயம்புத்தூர் போய்ச் சேர்ந்தபோது நாலு மணி தாண்டியிருந்தது. அங்கே எமர்ஜென்சியில் தரையிலேயே சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரித்திருக்கிறார்கள். உயிருக்கு ஆபத்தானவர்கள் சிவப்புப் பகுதிக்கு, அம்மாவை நேராக அங்கே கொண்டுபோனார்கள். வரிசை, கவுண்டர், பணம் எதுவும் இல்லை. வைத்தியத்தில் குறையே சொல்ல மாட்டேன். ஆனால் என்னை வாசலில் நிறுத்திக் கதவைச் சாத்தினார்கள். ஆறு மணி நேரம். உள்ளே அம்மா இருக்கிறாரா இல்லையா என்று சொல்ல ஆள் இல்லை. காவலாளியைக் கேட்டால் "கூப்பிடுவாங்க, ஓரமா நில்லு" என்பார். என்னைப் போல அங்கே முப்பது நாற்பது பேர், ஒரு பெண் தரையில் படுத்து அழுதுகொண்டிருந்தார். அவரைத் தாண்டித் தாண்டித்தான் எல்லோரும் போனார்கள். இதை எழுதாமல் விட்டால் நான் நல்லதை மட்டும் எழுதுகிறேன் என்று ஆகிவிடும். ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஒருவர் வெளியே வந்து பெயரைப் படித்து "இன்னார் நல்லா இருக்காங்க, இன்னாருக்கு ஸ்கேன் போயிருக்கு" என்று சொன்னால் போதும். அதற்கு டாக்டர்தான் வர வேண்டும் என்றில்லை.

பத்து மணிக்கு மேல் ஒரு பயிற்சி டாக்டர் வந்தான், சின்னப் பையன், கண் சிவந்திருந்தது. என் பக்கத்தில் தரையில் குந்தினான். கையுறை வந்த காலி அட்டைப்பெட்டியைப் பிரித்து, அதன் உள்பக்கத்தில் பேனாவால் இதயம் வரைந்து, இந்தக் குழாய் அடைத்தது, ஊசியால் பாதி திறந்திருக்கிறது, நாளைக்கு ஸ்டென்ட், அதாவது குழாயைத் திறந்து பிடித்திருக்கிற சின்ன வலைக்குழாய், வைப்போம் என்று காட்டினான். மலைமேலே அந்த ஊசி போடாமல் நேராக இங்கே வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். "அதை இப்ப யோசிக்காதீங்கண்ணே" என்றான். அந்த அட்டை வீட்டில் அம்மா சாமி படத்துக்குப் பின்னால் இருக்கிறது. ஸ்டென்ட் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையிலேயே முடிந்தது. கார்டைக் கையோடு வைத்திருங்கள், வருடத்துக்கு 5 லட்சம் வரை இருக்கிறது.

அப்புறம்தான் ஒரு வக்கீல் தம்பி சொல்லித் தெரிந்துகொண்டேன். பரமானந்த் கட்டாரா வழக்கில் 1989-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அரசு டாக்டரோ தனியார் டாக்டரோ, உயிருக்கு ஆபத்தில் வருகிறவருக்கு உடனே சிகிச்சை கொடுப்பது கடமை, எந்த நடைமுறையும் அதற்குக் குறுக்கே நிற்கக் கூடாது. நான் 2,000 ரூபாய்க்காக மழையில் சிக்னல் தேடி நின்றேனே, அந்தப் பத்து நிமிடம் நிற்கத் தேவையே இல்லை. யாராவது முதலில் பணம் கேட்டால் உள்ளே படுக்கவையுங்கள், அப்புறம் கட்டுகிறேன் என்று உரக்கச் சொல்லுங்கள். ஈசிஜி எடுங்கள் என்று வாய்விட்டுக் கேளுங்கள். நான் கேட்கவில்லை, எனக்கு அந்தச் சொல்லே தெரியாது.

மூன்று வாரம் கழித்து அந்தத் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனேன். நேரம் நேரமாக எழுதி, ஈசிஜி நகலை இணைத்து, மேனேஜரிடம் கொடுத்தேன். உட்காரச் சொன்னார், படித்தார், மேலே அனுப்புகிறேன் என்றார். வெளியே வரும்போது படிக்கட்டில் அந்த சிஸ்டர். என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"அண்ணே, அந்த அம்மா..."

"இருக்காங்க" என்றேன்.

கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார். அன்றைக்கு ராத்திரி அவர் ஒருவர்தான். மாடி வார்டில் 14 பேர், அதில் ஒரு குழந்தைக்கு வலிப்பு. கீழே எமர்ஜென்சியும் அவரே. பகல் டூட்டி பார்த்துவிட்டு, வர வேண்டியவர் வராததால் ராத்திரியும் நின்றிருக்கிறார். "பாட்டின்னு கூப்பிட்டேன், தப்பா நினைச்சுக்காதீங்க. எங்க அம்மாவும் தோட்டத்துலதான் கொழுந்து எடுக்குது" என்றார்.

எனக்குக் கோபம் போகவில்லை. ஸ்பீக்கரில் பேசிய அந்தக் குரல் மேல் இப்போதும் இருக்கிறது. ஆனால் திரும்பி மேனேஜர் ரூமுக்குப் போய், அந்தக் கடிதத்தைக் கேட்டு வாங்கி, ராத்திரியில் எமர்ஜென்சிக்கு என்று தனியாக ஒரு நர்ஸ் வேண்டும், டாக்டர் கட்டடத்துக்குள் இருக்க வேண்டும் என்று அடியில் இரண்டு வரி சேர்த்து எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். பதில் இன்னும் வரவில்லை.